சொடக்கு எடுத்தால் லேசாகிறது, இரண்டு நாளில் வலி திரும்புகிறது: எலும்பு உண்மையிலேயே விலகியதா?

கேள்வி: எனக்கு வயது 42. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன். ஐந்து மாதமாக இடுப்பின் வலது பக்கம் வலி. சில நாள் புட்டம் வரை இறங்கும், முழங்காலைத் தாண்டியதில்லை. மரத்துப்போவது, சிறுநீர்த் தொந்தரவு எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் குனியவே முடியாது. எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 டிஸ்க் (நாலாவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) லேசாகப் புடைத்திருப்பதாகவும் தேய்மானம் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சொடக்கு எடுக்கும் ஒரு கைரோபிராக்டரிடம் மூன்று முறை போனேன். எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டி, "ஐந்தாவது எலும்பு திரும்பியிருக்கிறது, வலது கால் அரை சென்டிமீட்டர் குட்டை, 24 முறை வந்தால் சரியாகிவிடும்" என்றார். 'டக்' என்று சத்தம் வந்ததும் உடம்பு லேசாகிவிடுகிறது. ஆனால் இரண்டே நாளில் வலி பழையபடி வந்துவிடுகிறது. அடுத்த முறை கழுத்தையும் திருப்ப வேண்டும் என்கிறார், அண்ணன் கூடவே கூடாது என்கிறார். எலும்பு உண்மையிலேயே விலகியிருக்கிறதா? தொடர்ந்து போகலாமா? பெல்ட் போட வேண்டுமா? எங்கே போனாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி

பதில் (பிசியோதெரபிஸ்ட்):

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் நிம்மதி தந்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி. வலி முழங்காலைத் தாண்டவில்லை, மரத்துப்போகவில்லை, சிறுநீரில் தொந்தரவு இல்லை. நரம்பு பெரிதாக நசுங்கியிருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். இடுப்பு வலியோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த டிஸ்க் என்று ஒரே இடத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் அப்படித்தான். உங்கள் வலியும் அந்த வகையாகத்தான் தெரிகிறது.

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எலும்பு விலகவில்லை. ஆனால் சொடக்கு எடுத்ததும் லேசானது உங்கள் கற்பனையும் இல்லை. நிவாரணம் உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. காரணம் தவறாக இருந்தால் என்ன, வலி குறைந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 'விலகியதைத் திரும்ப வைக்கிறோம்' என்று நம்பினால் 24 முறை போவதுதான் நியாயமாகத் தெரியும். நடந்தது வேறு என்று தெரிந்தால், கிடைக்கும் அந்த இரண்டு நாளை நீங்கள் செலவழிக்கும் விதமே மாறிவிடும்.

முதுகெலும்பு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று தனித்தனியாக அசையும் எலும்புகள் 24. அவற்றுக்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன திரிக எலும்பும் வால் எலும்பும் இருக்கின்றன. உங்கள் வலி அந்த ஐந்து இடுப்பு எலும்புகளின் அடிப்பகுதியில் இருக்கிறது. உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் இறங்குவது அங்கேதான். இடுப்பில் டிஸ்க் பிதுங்கினால் அநேகமாக எல்4–எல்5 அல்லது அதற்கு அடுத்த மட்டத்தில்தான் பிதுங்கும்.

இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் மூன்று இணைப்புகள் உண்டு. முன்பக்கம் டிஸ்க். பின்பக்கம் இடமும் வலமுமாக விரல் நுனி அளவில் இரண்டு ஃபேசட் மூட்டுகள், கூரை ஓடுகள் போல மேல் எலும்பின் விளிம்பு கீழ் எலும்பின்மீது படிந்து உட்கார்ந்திருக்கும். இந்த ஃபேசட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வந்த 'டக்' சத்தம் அங்கிருந்துதான். இடுப்புப் பகுதியில் இவை கிட்டத்தட்ட செங்குத்தாக, முன்பின் போக்கில் அமைந்திருக்கின்றன. அதனால் குனியலாம், நிமிரலாம். திரும்புவதைத்தான் இவை தடுத்துவிடுகின்றன. ஒரு இடுப்பு எலும்பு அடுத்ததன்மேல் திரும்பக்கூடியது சுமார் 2 டிகிரி. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பிப் பார்க்கும்போது அந்தத் திருப்பத்தில் பெரும்பங்கு மார்புப் பகுதியிலிருந்தும் கழுத்திலிருந்தும் வருகிறது.

இப்போது அந்த எக்ஸ்ரே கோட்டுக்கு வருவோம். 2 டிகிரிதான் இடம் கொடுக்கிற மூட்டு, அதைச் சுற்றி கெட்டியான தசைநார்கள், பின்னால் தசைகள். இதையெல்லாம் மீறி ஒரு எலும்பு 'திரும்பி' நிற்க வேண்டுமானால் விபத்து நடந்திருக்க வேண்டும், அப்போது நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். படத்தில் திரும்பியதுபோலத் தெரிவதற்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு. படமெடுக்கும்போது இடுப்பு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். எலும்பின் பின்முனை பிறவியிலேயே ஒரு பக்கமாக வளைந்திருக்கலாம், அது பலருக்கும் இருப்பதுதான். கால் அரை சென்டிமீட்டர் குட்டை என்பதும் அப்படியே. அளந்து பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்குக் கால்கள் சமமாக இருப்பதில்லை, சராசரி வித்தியாசமே 5 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அதாவது உங்கள் கால்கள் சராசரியானவை.

"சொடக்கு எடுத்ததும் எலும்பு இடத்தில் உட்காருகிறது" என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1998-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், திரிக எலும்பும் இடுப்புக்கூட்டின் எலும்பும் சேரும் மூட்டில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மிக நுணுக்கமான எக்ஸ்ரே முறையில் அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்த சோதனைகளில் 'சரியாகிவிட்டது' என்று வந்தது. படத்தில் எலும்பின் நிலை மாறவே இல்லை. தொடுகிற கைக்கு மாற்றம் தெரிகிறது, ஆனால் எலும்பு அங்கேயே இருக்கிறது. என் தொழிலும் தொட்டுப் பார்க்கும் தொழில்தான் என்பதால் இந்த முடிவு என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியானால் மேஜையில் உங்களுக்கு என்ன நடந்தது? அநேகமாக இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பார். கீழ்க்கால் நீட்டி, மேல்கால் மடக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, இடுப்பை முன்னுக்கு இழுத்து, இனி அசையாது என்கிற எல்லை வரும்வரை மெதுவாகக் கொண்டுபோயிருப்பார். அங்கே ஒரு நொடி நிறுத்திவிட்டு, சின்னதாக, வேகமாக ஒரு தள்ளு. அந்தத் தள்ளில் மேல்பக்கத்து ஃபேசட் மூட்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் திறக்கும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வாயுக்குமிழி உருவாகிறது, கூடவே 'டக்'. விரல் சொடுக்கும்போது வருவதும் இதே சத்தம்தான், அதனால்தான் சொடுக்கிய விரலை உடனே மறுபடி சொடுக்க முடிவதில்லை. சுமார் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். குறிவைத்த மூட்டிலிருந்துதான் சத்தம் வந்தது என்றும் சொல்ல முடியாது, பெரும்பாலும் அக்கம்பக்கத்து மூட்டுகளும் சேர்ந்தே சத்தமிடும். சத்தம் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வலி குறைவதில் வித்தியாசமும் பெரிதாகத் தெரியவில்லை.

லேசாவது எதனால் என்றால், மூட்டின் உறை சட்டென்று இழுபடும்போது அதிலுள்ள நரம்பு முனைகளிலிருந்து ஒரு வெள்ளமாகச் செய்தி போகிறது. இறுகிக் கிடந்த தசை கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்கிறது, தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தியின் சத்தம் தணிகிறது. நம்பிக்கையான ஒருவர் கை வைத்தால் பயம் குறைவதும் இதில் சேர்ந்ததே, அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பயந்த முதுகு உண்மையிலேயே இறுகும். ஆனால் இந்த விளைவுகள் எல்லாமே மணிக்கணக்கிலோ ஒன்றிரண்டு நாளிலோ கரைந்துபோகிறவை. திரும்ப எட்டு மணி நேரம் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்தால் தசை திரும்ப இறுகத்தான் செய்யும். அதில் எலும்பு மறுபடி விலகுவதற்கு வேலையே இல்லை.

அப்புறம் டிஸ்க். எம்.ஆர்.ஐ. அறிக்கைதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவில் நீர் நிறைந்த கூழ், அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்கு வரை நார் வளையங்கள், ஒவ்வொரு அடுக்கின் நாரும் முந்தைய அடுக்குக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். டிஸ்க் மேலும் கீழும் எலும்போடு ஒட்டியே இருப்பது, அது நழுவி வெளியே வந்துவிடாது. வளையங்கள் தளர்ந்து விளிம்பு சற்று வெளியே தள்ளியிருந்தால் அது புடைப்பு. கூழ் விரிசல் வழியாக வந்தால் பிதுக்கம். உங்களுக்கு இருப்பது முதல் வகை. இடுப்பு வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள், மொத்தம் 3,110 பேர். நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்குப் புடைப்பு. மறுபடி சொல்கிறேன், இவர்களுக்கு வலி கிடையாது. உங்கள் அறிக்கையை எழுதியவர் பொய் சொல்லவில்லை, உங்கள் வயதுக்கான முதுகை வர்ணித்திருக்கிறார். வயதுக்கு நரை வருகிற மாதிரி என்று அதையும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கும், கேட்க மாட்டார்கள்: "தண்டுவடம் நசுங்கிவிடுமோ?" பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாவது இடுப்பு எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. நாலு–ஐந்து மட்டத்தில் தண்டுவடமே இல்லை, அங்கே தொங்குவது நரம்புக் கற்றை. அதற்கு நகர்ந்து இடம்கொடுக்க வசதி அதிகம்.

காலையில் அரை மணி நேரம் குனிய முடியவில்லை என்கிறீர்களே, அதற்கும் டிஸ்க்கின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. படுத்திருக்கும்போது சுமை குறைவதால் அது நீரை உறிஞ்சி உப்புகிறது, பகலில் எடை ஏற ஏறக் கசிந்து மெலிகிறது. காலையில் நீங்கள் மாலையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் வளையங்களுக்கும் தசைநார்களுக்கும் வரும் இழுவை பகலில் குனிவதைவிடக் கணிசமாக அதிகம். எனவே எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிகிற வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். பல் தேய்க்கும்போது தொட்டியின்மேல் வளையாமல் ஒரு கையை ஊன்றிக்கொள்ளுங்கள். காலணி நாடாவை நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கிக் கட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதை மட்டுமே சொல்லிக்கொடுத்து நாள்பட்ட வலி குறைகிறதா என்று பார்த்த ஆய்வில் குறைந்தது.

கைரோபிராக்டிக்கைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். இது 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கியது. ஹார்வி லில்லார்டு என்ற தொழிலாளியின் முதுகெலும்பைச் சரிசெய்ததில் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்பது ஆரம்பக் கதை. காதுக்கான நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை என்பதை யோசித்தால் அந்தக் கதையின் எடை தெரியும். எலும்பு விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் என்பது அவர் கொள்கை. இன்று அந்தத் துறையிலேயே பலர் அதை விட்டுவிட்டார்கள். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அமைப்பே, அந்த 'விலகல்' ஒரு வரலாற்றுக் கருத்துதான், நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று 2010-இல் அறிவித்தது.

ஆனால் கையால் செய்யும் சிகிச்சை வேறு, அந்தக் கொள்கை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் வழங்கத்தக்கவற்றின் பட்டியலில் இருக்கிறது, உடற்பயிற்சியோடும் வலியைப் புரிந்துகொள்ளக் கற்பிப்பதோடும் சேர்த்து. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு இன்னும் கறாராக, உடற்பயிற்சியோடு சேர்ந்தால் மட்டுமே என்கிறது. பலனைப் பொறுத்தவரை மற்ற நல்ல சிகிச்சைகளைவிட அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டையும், இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உங்கள் பெல்ட் கேள்விக்கு அதுவே பதில். வாங்கிவிட்டீர்கள் என்றால் நீண்ட பயணத்துக்கு ஒருநாள் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது.

கழுத்து விஷயத்தில் நான் அண்ணன் கட்சி. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இரண்டு, ஆறாவது கழுத்தெலும்பிலிருந்து முதல் எலும்பு வரை பக்கவாட்டு ஓட்டைகளின் ஊடே ஏறுகின்றன. முதல் எலும்பைத் தாண்டியதும் சட்டென்று மடங்கி மண்டையோட்டுக்குள் நுழைகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்த மடிப்பில் தமனியின் உள்சுவர் கிழியலாம், பக்கவாதம் வரலாம். மிக அரிது. அப்படிப் பாதிக்கப்பட்ட சிலருக்குக் கிழிசல் முன்பே தொடங்கி, அந்தக் கழுத்து வலிக்காகவே சிகிச்சைக்குப் போயிருக்கலாம் என்ற வாதமும் உண்டு. இருக்கட்டும். உங்களுக்கு வலி இடுப்பில். இடுப்பு வலிக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவை எதுவும் இல்லை, எனவே எவ்வளவு சிறிய ஆபத்தானாலும் வீண். "கழுத்து வேண்டாம்" என்று படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தொடர்ந்து போகலாமா? பிடித்திருந்தால் இன்னும் மூன்று நான்கு முறை போங்கள், அதற்குள் வலியிலோ வேலைத் திறனிலோ தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் உளைச்சல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது சகஜம். 24 முறைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். முதல் நாளே 24 என்று எண்ணிச் சொல்ல எந்தப் பரிசோதனையும் உதவாது. எலும்பின் அடர்த்தி மிகக் குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்), ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள் இந்தத் தள்ளுகளைத் தவிர்க்க வேண்டும். இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் இனி போகவே வேண்டாம்.

போகிறபட்சத்தில், லேசாக இருக்கும் அந்த இரண்டு நாளில் படுத்து ஓய்வெடுக்காதீர்கள். வலி தணிந்த நேரம் அசைவதற்கான நேரம். அன்று மாலையே பத்து நிமிடம் நடங்கள், வாரத்துக்கு வாரம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் முப்பது நிமிடம் வரை கொண்டுவாருங்கள். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்து 2024-இல் வெளியான ஆய்வில், வலி ஒருமுறை தீர்ந்தபின் இப்படிப் படிப்படியாக நடந்தவர்களுக்கு அடுத்த வலி வர இடைநிலைக் கணக்கில் (வரிசையில் நடுவில் நிற்பவரின் கணக்கில்) 208 நாள் ஆனது, இந்தத் திட்டத்தில் சேர்க்கப்படாதவர்களுக்கு 112 நாள். நடைக்கு இவ்வளவு பலனா என்று எனக்கே வியப்புத்தான்.

அதோடு இரண்டு பயிற்சிகள் போதும். ஒன்று, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, புட்டத்தை மெதுவாகத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது. இன்னொன்று, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டி, இடுப்பு ஆடாமல் பிடிப்பது. எட்டு எட்டு முறை, இரண்டு சுற்று. செய்யும்போது வலி கொஞ்சம் ஏறலாம், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் சரியான அளவில் செய்கிறீர்கள் என்று அர்த்தம். இறங்கவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அலுவலகத்தில் நிமிர்ந்து உட்காருகிறேன் என்று விறைத்துக்கொள்ள வேண்டாம், எப்படி வேண்டுமானாலும் உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும், போன் பேசுவதை நின்றபடி பேசுங்கள்.

இதெல்லாம் உங்கள் இப்போதைய நிலைக்கு. வாரம் ஒருமுறை செருப்பில்லாமல் குதிகாலால் பத்து அடி, நுனிக்காலால் பத்து அடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, வலி முழங்காலுக்குக் கீழே மின்சாரம் மாதிரி இறங்கினாலோ சொடக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு முதுகு வலி, எந்தப் பக்கம் படுத்தாலும் தூங்க விடாத வலி, இவற்றுக்கும் அப்படியே. உட்காரும் இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் உணர்ச்சி மங்கினாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, அந்த நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். அதற்கு மணிக்கணக்கு முக்கியம். நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், எம்.ஆர்.ஐ. படங்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.